ஒரு சதம் வட்டி கட்டாத அக்கா

எங்கள் தொடர்மாடிக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் முதல் வாரத்திலேயே மூன்று விஷயங்களை அறிந்துகொள்வார்கள். தண்ணீர் மோட்டார் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் ஓடும். லிஃப்ட் இரண்டாம் மாடியில் நிற்காது. மூன்றாம் மாடி அக்கா தன் சீவியத்தில் ஒரு சதம் வட்டி கட்டினதில்லை.

முதல் இரண்டையும் அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதை அக்காவே வந்து சொல்லிவிடுவார். நானும் மனைவியும் வெள்ளவத்தையில் அந்த வீட்டுக்கு வந்த அன்று, கட்டில் சட்டத்தைப் படியில் ஏற்ற முடியாமல் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கட்டிலைத் தட்டிப் பார்த்தார்.

"புதுசோ? கார்டில வாங்கினதோ, காசுக்கு வாங்கினதோ?"

"காசுக்கு அக்கா."

"விசரே தம்பி உமக்கு? நான் எல்லாம் கார்டிலதான். ஆனா என்ர சீவியத்தில ஒரு சதம் வட்டி கட்டினதில்லை."

சொல்லிவிட்டு, கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்து எங்களோடு தூக்கினார். இந்த வசனத்தை மீன்காரரிடமும் சொல்வார், கோயிலில் செருப்புப் பார்க்கிறவரிடமும் சொல்வார். வாசலில் இருந்த காவலாளிக்கு, எங்கள் எல்லோரையும் விட மூத்த மனிதர் அவர், சிங்களத்திலேயே சொல்வார்: "அய்யே, மம பொலி சதயக்வத் கெவலா நே." அவரும் தினமும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையை ஆட்டுவார்.

அக்காவுக்குத் தொழில் மணப்பெண்களுக்கு சாரி பிளவுஸ் தைப்பது. கையில் நல்ல தொழில், வருமானத்தில்தான் ஒழுங்கு இல்லை. தையிலும் ஆவணியிலும் காசு கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஆடியிலும் மார்கழியிலும் சைவக் கல்யாணம் கிடையாது, தையல் மெஷினுக்குப் போர்வை போட்டுவிடுவார். அந்த மாதங்களுக்காகவே கொட்டாஞ்சேனைப் பக்கம் கத்தோலிக்க வீடுகளைப் பிடித்து வைத்திருந்தார். "ஆடியில எனக்குச் சோறு போடுறது கொட்டாஞ்சேனைதான். மார்கழியில நத்தார் பெருநாள் முடிஞ்ச கையோட அவையள் கலியாணம் வைப்பினம், புண்ணியவாளர்" என்பார். அவர்களும் மற்றவர்களைப் போலத்தான். முற்பணம் கொஞ்சம், மிச்சம் கல்யாணம் முடிந்து களைப்பாறிய பிறகு. ஆனால் வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் யாருடைய கல்யாணத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கடனட்டை. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு வங்கி எப்படிக் கார்ட் கொடுத்தது என்று கேட்டேன். தன்னுடைய நிலையான வைப்பைப் பிணையாக வைத்து வாங்கியதாம். "என்ர காசுக்கு அவன் எனக்கு வட்டி தாறான். அதையே பிணை வைச்சு அவனிட்டயே வட்டியில்லாமல் வாங்கிறன். இப்ப சொல்லும், ஆர் கெட்டிக்காரர்?"

நான் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிற ரியூசன் மாஸ்ரர். அக்காதான் என்று ஒப்புக்கொண்டேன்.

அவருடைய சமையலறைக் கலண்டரில் ஒவ்வொரு மாதமும் இரண்டு திகதிகள் இருக்கும். பதினேழைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பதினொன்றைச் சுற்றிப் பச்சை வட்டம். அதன் விளக்கத்தை எனக்கு நாலு தரமாவது சொல்லியிருப்பார்.

"பதினேழாம் திகதி பாங்க் கணக்கை மூடும். பதினெட்டில வாங்கினா அது அடுத்த பில். அந்தப் பில் வர ஒரு மாதம். அதைக் கட்டக் கடைசி நாள் அதுக்கு அடுத்த பதினொண்டு. எண்ணிப் பாரும், ஐம்பத்துநாலு நாள். சம்பளக்காரருக்கு மாதம் முப்பது நாள், எனக்கு ஐம்பத்துநாலு. அதுக்குள்ள ஒரு பொம்பிளைக்காவது தாலி ஏறிடும்."

அதனால் பதினெட்டாம் திகதி எங்கள் மாடிக்குப் பெருநாள். அக்கா காலையிலேயே குளித்து, பொட்டு வைத்து, இரண்டு பையோடு காலி வீதிக்கு இறங்குவார். புறக்கோட்டைக்குப் போய் லேஸும் லைனிங் துணியும் எடுப்பார். அன்று மாலை அவர் வீட்டில் ஏதாவது பொரியும், எங்களுக்கும் ஒரு தட்டு வரும். பத்திலிருந்து பதினேழு வரைக்கும் அதே அக்கா தேங்காய் உடைக்கவும் யோசிப்பார். அந்த வாரத்தில் வாங்கினால் நாட்கள் வீணாய்ப் போகுமாம். காசு வீணாய்ப் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நாட்கள் வீணாய்ப் போவதை அவரிடம்தான் கேட்டேன்.

ஒரு தடவை பன்னிரண்டாம் திகதி அவருடைய ஃபிரிட்ஜ் செத்துப்போனது. ஆறு நாள் பொறுத்தார். மீன்கடையிலிருந்து ஒரு ரெஜிஃபோம் பெட்டியும் ஐஸும் வாங்கி வந்து, அதில் பாலையும் மீனையும் ஒன்றாக வைத்தார். அவர் வீட்டில் குடித்த தேத்தண்ணீரில் பாரை மீன் வாசம் அடித்ததாக என் மனைவி இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள். பதினெட்டாம் திகதி கடைக்குப் போனால், கடைக்காரர் வட்டியில்லாமல் பன்னிரண்டு மாதத் தவணை தருகிறேன், சின்னதாக ஒரு கட்டணம் மட்டும் என்றாராம். அக்கா அதைத் தொடவில்லை. "கட்டணமாம் கட்டணம். வட்டி பேரை மாத்திக்கொண்டு வந்து நிக்குது, எனக்குத் தெரியாதே?" என்று முழுத் தொகையையும் கார்டில் போட்டு வாங்கி வந்தார்.

பல்வலி வந்ததும் அப்படித்தான், பதினாலாம் திகதி. கன்னம் வீங்கிப் பணியாரம் மாதிரி இருந்தது. கராம்பை வாயில் அடக்கிக்கொண்டு நாலு நாள் தைத்தார். "பல்லுக்குத் திகதி தெரியாது அக்கா, போய்ப் பிடுங்குங்கோ" என்று மனைவி கெஞ்சினாள். அக்கா வாயைத் திறக்காமல் கையால் காட்டினார்: பதினெட்டு.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அது முழுப் பிழை. கஞ்சர் பின்போடுவார், முடிந்தால் கொடுக்காமல் விடுவார். அக்கா பச்சை வட்டம் போட்ட நாளில் வங்கிக்குப் போய், கவுண்டரில் நின்று, சதம் பிசகாமல் கட்டுவார். ஐம்பது சதக் காசை இப்போது பிச்சைக்காரரும் வாங்குவதில்லை. அக்கா அதற்காகவே ஒரு நெருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். முதல் நாளே கட்டிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"இது கைமாத்துத் தம்பி. கைமாத்தைச் சொன்ன நாளுக்குப் பிந்திக் குடுத்தா மரியாதை போச்சு. முந்திக் குடுத்தா, உன்னட்டை வாங்கினது எனக்குப் பாரமாக் கிடக்கு எண்டு முகத்தில அடிக்கிறமாதிரி. அண்டைக்கெண்டு சொன்னா அண்டைக்குத்தான்."

அவ்வளவு பெரிய வங்கியைப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவைப் போல நடத்திய ஒரே ஆள் அவர்தான்.

இந்த ஒழுங்குக்கு ஒரேயொரு விலக்கு உண்டு. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் காசு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாள். கார்ட்டை இழுக்கலாம், அதில் போவது காசு இல்லை, வெறும் கடதாசித் துண்டு என்பது அக்காவின் தீர்ப்பு. ஆனால் பில் கட்டுவது அசல் காசு. ஆகவே பதினொன்று வெள்ளியில் விழுந்தால் மட்டும் வியாழனே போய்க் கட்டிவிடுவார். "லட்சுமிக்காண்டி பாங்க் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்" என்பார். ஒரு நாள் முன்னாடியே காசு வாங்குவதை எந்த வங்கியும் பொறுத்துக்கொள்ளும் என்பதை அவருக்கு விளக்க முடியாது.

என் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அக்காவுக்கு எங்களை விடப் பரபரப்பு. டொக்டர் சொன்ன திகதி இருபத்திரண்டு.

"அருமையான பிள்ளை. பதினேழு தாண்டி வருது. ஆஸ்பத்திரி பில்லைக் கார்டில போடும் தம்பி, ஐம்பது நாள் கிடக்கு. அதுக்குள்ள உம்மட ரியூசன் காசும் வந்திடும்."

நானும் அப்படியே நினைத்திருந்தேன். என் வருமானமும் அக்காவுடையதைப் போலத்தான், பரீட்சை முடிந்த மாதத்தில் ஒரு பிள்ளையும் வகுப்புக்கு வராது. ஆனால் பல்லுக்குத் திகதி தெரியாததுபோலப் பிள்ளைக்கும் தெரியவில்லை. ஒன்பதாம் திகதி, புதன்கிழமை காலை, மனைவிக்கு வலி கண்டது.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு ஓடினோம். உடனே சத்திரசிகிச்சை என்றார்கள். முற்பணம் ஐம்பதாயிரம். நான் கார்ட்டை நீட்டினேன். காசாளர் பெண் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லைன் இல்லை சேர், இண்டைக்குக் காஷ்தான்" என்றாள். என் வங்கிக் கணக்கில் நாலாயிரம் இருந்தது. மச்சானுக்கு வவுனியாவுக்கு ஃபோன் எடுத்தேன். காசோடு நாளைக்கு வருகிறேன் என்றான். இன்றைக்கு என்ன செய்வது?

அக்காவுக்கு எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார், அளவு நாடா இன்னும் கழுத்தில். கையில் ஒரு கடித உறை. அதன் மேல் பச்சை மையில் "பாங்க்" என்று எழுதியிருந்தது.

அந்த மாதம் பதினொன்று வெள்ளிக்கிழமை. வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை, வங்கி பூட்டு. ஆகவே அக்கா புதன்கிழமையே கட்டிவிடுவதென்று காசை எண்ணி வைத்திருந்தார். நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது சதம். எனக்கு அது தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும்.

"அக்கா, இது உங்கட..."

"போயா முடிய வெள்ளி இருக்குத்தானே. நீர் போய்க் கட்டும். அவளை உள்ள கொண்டுபோகட்டும்."

என்னிடம் இருந்ததைச் சேர்த்துக் கட்டினேன். பத்தரை மணிக்கு எங்கள் மகள் பிறந்தாள். அக்கா அவளைத் துணியோடு வாங்கி, முகத்தைப் பார்த்து, "இரண்டு கிழமை பொறுக்கேலாமப் போச்சுதோ உனக்கு?" என்று செல்லமாகக் கேட்டார்.

மச்சான் வியாழன் வரவில்லை. போயா விடுமுறைக்கு பஸ்ஸில் இடமில்லை. வெள்ளி காலைதான் வந்தான். நான் காசை எடுத்துக்கொண்டு அக்காவின் கதவைத் தட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தராதையும்! என்ர கையில தராதையும். இண்டைக்கு வெள்ளி. வீட்டுக்குள்ள வந்தா வெளியில போகேலாது. உம்மட காசாவே கொண்டுபோய் நேர பாங்கில கட்டும். கவுண்டரில கட்டும், மெஷினில போடாதையும். மெஷின் மனிசரைப் பாக்காது."

அப்படி ஒரு வழியை எந்தச் சட்டத்தரணியும் கண்டுபிடித்திருக்க மாட்டார். நான் சிரித்துக்கொண்டே வங்கிக்குப் போனேன்.

போயாவுக்கு அடுத்த நாள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. எனக்கு மனைவியையும் பிள்ளையையும் பார்க்க அவசரம். பக்கத்தில் காசு போடுகிற மெஷின் சும்மா நின்றது. அக்கா எழுதித் தந்த கார்ட் இலக்கத்தை அடித்து நோட்டுகளை வைத்தேன். மெஷின் சில்லறை எடுக்காது. நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு ஏறியது. மிச்சம் பதினேழு ரூபாய் ஐம்பது சதம். கையில் இன்னொரு நூறு ரூபாய் நோட்டு இருந்தது. அதையும் போட்டிருக்கலாம். பதினேழரை ரூபாய்க்கு ஒரு முழு நூறா என்று என் புத்தி சொன்னது. அந்த நூறுக்கு எதிர்க் கடையில் வடையும் பிளேன்ரீயும் எடுத்தேன். நல்ல வடை.

மாலையில் மெஷின் தந்த ரசீதுத் துண்டையும், அக்காவின் உறைக்குள் இருந்த அதே சில்லறையையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மெஷின் இதை எடுக்கேல்லை அக்கா. சின்னக் காசுதானே, அடுத்த பில்லில சேர்த்துக் கட்டுங்கோ."

அக்கா துண்டைப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த பதினேழு ரூபாய் ஐம்பது சதத்தைப் பார்த்தார். சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

"சரி தம்பி. பிள்ளை பால் குடிக்குதோ?" என்றார்.

அதன் பிறகு வாழ்க்கை அதன் பாட்டில் போனது. பதினெட்டாம் திகதிகளில் பொரியல் தட்டு வந்தது. மகளுக்கு மிச்ச லேஸில் சட்டைகள் வந்தன. அக்கா அதே சிவப்பு வட்டம், அதே பச்சை வட்டம், அதே வெள்ளிக்கிழமை. ஒன்று மட்டும் குறைந்திருந்தது. அது எனக்குப் பிடிபடவே வெகு நாள் எடுத்தது. ஒரு நாள் முதலாம் மாடிக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது. அக்கா அவர்களுடைய வோஷிங் மெஷினைத் தட்டிப் பார்த்தார். கார்டில வாங்கினதோ, காசுக்கு வாங்கினதோ என்று கேட்டார். நான் அடுத்த வசனத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. "நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போய்விட்டார்.

வயது போகிறது, அடக்கம் வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அக்காவுக்கு அடக்கமா என்று அவள் நம்பவில்லை.

மகளுக்கு நாலு வயதானபோது அக்கா திருகோணமலைக்குத் தங்கையோடு இருக்கப் போவதாகச் சொன்னார். கார்ட்டை மூடிவிட்டார், வங்கியிலிருந்து பாக்கி இல்லை என்று கடிதமும் வாங்கிவிட்டார். கார்ட்டை வெட்ட எங்கள் வீட்டுக் கத்தரிக்கோலைத்தான் இரவல் வாங்கினார். தன்னுடையது துணிக்கு மட்டுமாம்.

போகிற நாள் திங்கட்கிழமை. சாமான் ஏற்றின வான் கீழே நின்றது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"தம்பி, ஒரு சின்னக் கைமாத்துக் கிடக்கு."

கடனட்டை பில். மகள் பிறந்ததற்கு அடுத்த பில். நடுவில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. வட்டி: ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது சதம்.

எனக்கு விளங்கவில்லை. "பதினேழு ரூபாய்க்கு ஆயிரத்து நானூறோ?"

"பதினேழு ரூபாய்க்கு இல்லை மாஸ்ரர். ஒரு சதம் குறைஞ்சாலும் முழுக் காசுக்கும் போடுவான், வாங்கின நாளில இருந்து. நீர் கணக்கீடு படிப்பிக்கிறனீர்தானே?"

பாடத்திட்டத்தில் அது இல்லை என்று சொல்ல வாய் வந்தது, நல்லவேளை சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மாலை எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. குறைகிற காசு அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. மெஷின் எடுக்காத சில்லறை, வங்கி பூட்டியாகிவிட்டது, போதாததற்கு வீட்டில் லட்சுமி. நான் வடையும் தின்றுவிட்டு வந்து நின்றிருக்கிறேன்.

"அக்கா, நீங்கள் அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன செய்திருப்பீர்? பிள்ளையின்ர பால்மாக் காசில எடுத்துத் தந்திருப்பீர். பிறகு வெக்கத்தில படியில என்னைக் கண்டா ஒளிச்சிருப்பீர். இப்ப வகுப்பு நல்லாப் போகுதுதானே?"

"நாலு வருஷமாச்சு அக்கா. இதுக்கு வட்டி..."

"கைமாத்துக்கு வட்டி வாங்கிற ஆக்களே நாங்கள்?" என்று அக்கா சீறினார். உண்மையான கோபம்.

ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். இரண்டு தரம் எண்ணினார். பிறகு நெருப்புப் பெட்டியைத் திறந்து, எண்பத்தேழு ரூபாய் ஐம்பது சதம் மிச்சக் காசை மேசையில் வைத்தார். ஐம்பது சதத்தை மகள் எடுத்துக்கொண்டாள். பில்லைக் கிழித்து என் கையில் தந்தார்.

"விளங்கிச்சோ? இந்த வட்டி நீர் கட்டினது. நான் கட்டேல்லை."

மனைவி அழுதாள். அக்கா அவளுக்கு ஒரு கொத்து லேஸைக் கொடுத்து, அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள் என்றார். பெட்டிகளோடு கீழே இறங்கினோம். வான் கதவைத் திறந்த அக்கா ஏறாமல் நின்று, திரும்பி, காவலாளியிடம் போனார். நாலு வருடமாக அந்த மனிதர் கேட்காத வசனத்தை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தெரு கேட்கச் சொன்னார்:

"அய்யே, மம பொலி சதயக்வத் கெவலா நே!"

காவலாளி எழுந்து நின்று தலையை ஆட்டினார். வான் காலி வீதிப் பக்கம் திரும்பும் வரைக்கும் நான் கிழித்த பில்லைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் சீவியத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் வட்டி கட்டினதில்லை.